பத்ரோனுக்கு ஏற்ற மண்

மகள் போன வாரம் ஒரு பூனைக்குட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கேட்டுவிட்டு வரவில்லை, வந்துவிட்டுத்தான் கேட்டாள், அதுவும் பிரெஞ்சில். நான் தமிழில் முடியாது என்றேன். இரண்டு மொழிகளும் மோதிக்கொண்டிருக்கும்போது குட்டி என் சப்பாத்துக்குள் இறங்கி உறங்கிப்போனது. அதற்குமேல் என்ன கதைப்பது? அப்படித்தான் நேற்று நான் பல்பொருள் அங்காடியில், பூனை வெளிக்குப் போகும் பெட்டியில் போடுகிற பூனைமண் அடுக்குக்கு முன்னால், ஒரு தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அடுக்கு நீளமாக இருந்தது. களிமண், மரத்தூள் உருண்டை, பளிங்குக் குறுணல், காகிதக் குறுணல். ஒரு பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். லவாண்டர் வாசனை. உடனே பையை அடுக்கில் வைத்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தேன். பூ வாசனைக்கு ஒதுங்கும் ஆளை நீங்கள் எங்கும் கண்டிருக்க மாட்டீர்கள். கடைப்பிள்ளை ஒருத்தி வந்து, ஐயா, உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கும். மணமில்லாத மண் எங்கே என்று மட்டும் கேட்டேன். லவாண்டர் என்றால் மற்றவர்களுக்கு ஊதா நிற வயல் தெரியும். எனக்கு ஒரு சமையலறை தெரியும். மூத்திரம் போகமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பூனை தெரியும்.

நான் பாரிசுக்கு வந்தது 2009இல். இது நடந்தது அதற்கு இரண்டு வருடங்களின் பின். லா சப்பலில், இரண்டாம் இலக்க மெத்ரோ பாலத்தின்மேல் ஓடுமே, அந்தத் தெருவில், நாலாம் மாடியில் ஒரு வீடு. ரயில் போகும்போதெல்லாம் எங்கள் கரண்டிகள் ஒன்றோடொன்று ஏதோ கதைக்கும். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். எங்களுக்கு ரயில் நின்றால்தான் திடுக்கிடும். வேலைநிறுத்த நாட்களில் யாருக்குமே உறக்கம் வராது.

வீடு இரத்தினம் அண்ணையின் பெயரில் இருந்தது. உணவகம் ஒன்றில் சமையல் வேலை. வீட்டுக்கு வந்தாலும் சமையலறையை விட்டு இறங்கமாட்டார். பாத்திரம் துடைக்க ஒரு சீலை, மேசை துடைக்க ஒன்று, கை துடைக்க இன்னொன்று. மாறித் துடைத்தவனுக்கு அன்று முழுவதும் ஏச்சு. மற்றவர் மரியதாஸ் அண்ணை. மன்னார்க்காரர். மனைவி அங்கே விசாவுக்காகக் காத்திருந்தார். அண்ணைக்கு ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில், சாமான் ஏற்றி இறக்கும் வேலை. மூன்றாவது ஆள் நான். தொலைபேசிக் கடையில் வேலை. கடையில் சனம் இல்லாத நேரங்களில் வானத்தைப் பார்ப்பேன். லா சப்பலில் வானம் பாலத்தின் இரும்புகளுக்கிடையில் கிழிந்த துணிபோலத் தெரியும். இதை ஒருமுறை இரத்தினம் அண்ணையிடம் சொன்னபோது, "கிழிஞ்சால் தையன்" என்றார்.

நாலாவது ஆள் பத்ரோன். பத்ரோன் என்றால் பிரெஞ்சில் முதலாளி. மரியதாஸ் அண்ணையின் கிடங்கில், பலகைத் தட்டுகளுக்குப் பின்னால் பிறந்த சாம்பல் நிறக் கடுவன். தாய் விட்டுப்போன குட்டியை அண்ணை தன் மழைக்கோட்டுக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்கிறவர்களை உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபடியால் அந்தப் பெயர். முதலில் இரத்தினம் அண்ணை வீட்டுக்குள் எடுக்க முடியாது என்றார். பிறகு சமையலறைக்குள் எடுக்க முடியாது என்றார். பிறகு, "குசினி மூலையிலை பெட்டியை வைக்கட்டும், ஆனா கையைக் கழுவிப்போட்டுத்தான் ஆரும் தட்டிலை கை வைக்கவேணும்" என்றார். பெட்டிக்குப் போடும் மண்ணை மரியதாஸ் அண்ணைதான் எங்கிருந்தோ கொண்டுவந்து, ஒரு பழைய ஊறுகாய் வாளியில் நிரப்பி வைப்பார். எங்கே வாங்கினார், என்ன பெயர், நாங்கள் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் உப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று உங்களுக்குத் தெரியுமா? அப்படித்தான்.

மாசி மாதக் குளிரில் ஒருநாள், வேலையில் பெட்டி தூக்கும்போது மரியதாஸ் அண்ணைக்கு நெஞ்சு பிடித்தது. குழாய்கள் அடைத்துவிட்டன, நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒப்பரேசன். வியாழன் பின்னேரம் நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சு மயிரை மழித்து, பச்சை உடுப்புப் போட்டு, திடீரென்று இளையவராய்ப் படுத்திருந்தார். மனைவியைப் பற்றிச் சொல்லவில்லை. பணம் பற்றி, வேலை பற்றி ஒன்றுமில்லை.

"பத்ரோனைப் பாருங்கோ. நான் வரேக்கை அவன் இருக்கவேணும்" என்றார்.

படியிறங்கும்போதே எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. நான் திரும்பி வருவேன் என்று வாய்விட்டுச் சொல்ல அந்த மனிதருக்குப் பயம். அதனால் அதைப் பூனையின் தலையில் வைத்துச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் கடையில் நின்றேன். ஒருவருக்கு வேறொருவரின் போனைக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் படியேறி மூன்றாம் மாடிக்கு வரும்போதே ஒரு வாசம். கதவைத் திறந்தால் லவாண்டர். அதற்குக் கீழே, இன்னும் கூர்மையாக, தேசிக்காயின் எலுமிச்சைப் புளிப்பு.

இரத்தினம் அண்ணை முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவுவது அவருக்கு விரதத்தின் பாதி. அன்று இரண்டு மடங்காகக் கழுவியிருந்தார்.

"பெட்டியையும் கழுவினனீங்களோ அண்ணை?"

"பின்னை? தேசிக்காயும் உப்பும் போட்டு உரஞ்சினனான். மீன்சட்டி நாத்தமே உதிலை போகுது, பூனை நாத்தம் போகாதோ?"

"பழைய மண்?"

"வாளியோடை கொண்டுபோய்க் கொட்டியாச்சு, குப்பை லொறியும் வந்து அள்ளிப்போட்டுது. நெஞ்சு கிழிச்சவன் வாற வீடடா. கிருமி ஒண்டும் இருக்கக்கூடாது. திறம் மண்ணாப் பாத்து வாங்கியிருக்கிறன், மணந்து பார்."

மணந்து பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கும் நல்ல வாசமாகத்தான் இருந்தது. இரண்டு ஆண்கள் தங்கள் மூக்குக்குப் பிடித்ததைப் பூனைக்கு வாங்கி வைத்துவிட்டுப் பெருமையோடு நின்றோம்.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஒப்பரேசன் முடிந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறோம், நாளை பின்னேரம் வந்து கொஞ்சநேரம் பார்க்கலாம். இரத்தினம் அண்ணை கை துடைக்கும் சீலையில் முகத்தைத் துடைத்தார். பாத்திரச் சீலையில் மூக்கைச் சிந்தினார்.

பத்ரோன் பெட்டியருகே வந்தது. முகர்ந்தது. ஒரு காலை உள்ளே வைத்து, தண்ணீரில் மிதித்ததுபோல உடனே எடுத்து உதறியது. பிறகு மரியதாஸ் அண்ணையின் கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"காலமையிலயிருந்து போகேல்லை" என்றார் இரத்தினம் அண்ணை, மெதுவாக. "நான் பகிடி எண்டு நினைச்சன்."

பல்பொருள் அங்காடி பூட்டுமுன் ஓடினேன். எந்த மண் என்று தெரியாதவன் எல்லா மண்ணையும் வாங்குவான். களிமண் பைகள் எல்லாமே வாசனை போட்டவை; மரத்தூள் உருண்டை வாங்கினேன். அது எங்கள் சமையலறையில் தச்சுப் பட்டறை வாசத்தைக் கொண்டுவந்தது. பளிங்குக் குறுணல் வாங்கினேன். கற்கண்டு மாதிரி மினுங்கியது, பத்ரோன் அதை மிதித்ததும் மொறுமொறுத்தது, அந்தச் சத்தத்துக்கே பாய்ந்து குளிர்சாதனப் பெட்டிக்குமேல் ஏறிவிட்டது. காகிதக் குறுணலைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெட்டிய அட்டைப்பெட்டிகளில் வகைக்கு ஒன்றாய்ச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தோம்.

"கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரிப் பரப்பி வைச்சிருக்கு, மாப்பிள்ளை இருக்கமாட்டன் எண்டுறார்" என்றார் இரத்தினம் அண்ணை. சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

சனி காலை, விடிந்ததும் பார்த்தோம். எல்லாப் பெட்டிகளும் வைத்தது வைத்தபடி, கோலம்போலச் சுத்தமாக. பூனை கட்டிலில் குந்தியிருந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பியது. வயிற்றைத் தொட்டேன், உள்ளே ஒரு தோடம்பழம், முழு ஆரஞ்சு, இருப்பதுபோல இறுகிக் கிடந்தது. தொட்டதற்கு அது எழுப்பிய சத்தம் பூனைச் சத்தமாகவே இல்லை.

சாமான் வாங்கும் பையில் வைத்து, மேலே துவாயைப் போட்டு, மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். இளம் பெண். தொடுமுன் தன் கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டார். அழுத்திப் பார்த்தார். அடைப்பு இல்லை, பிடித்து வைத்திருக்கிறான் என்றார். பின்னேரத்துக்குள் போகாவிட்டால் கொண்டுவாருங்கள், குழாய் போட வேண்டும். அதையும் தாண்டினால் சிறுநீரகம் போய்விடும், கடுவன் பூனைகள் இப்படிச் சாவதுண்டு.

"என்ன மண் பாவிக்கிறவன்?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"நெஞ்சைத் திறந்து தைத்தவருக்கு."

அவர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு பெட்டியை எதனால் கழுவினீர்கள் என்று கேட்டார். எலுமிச்சை என்று பிரெஞ்சில் சொன்னேன். கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டார். பூனைக்கு அந்த மணம் ஆகவே ஆகாதாம். பெட்டியை மாற்றுங்கள், வாசனை எதுவும் வேண்டாம், பழகிய மண்ணைத் தேடிப் பிடியுங்கள் என்றார்.

வெளியே வந்து இரத்தினம் அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுபக்கத்தில் ரயில் போகும் சத்தமும் கரண்டிகளும் மட்டும் கேட்டன.

"அப்ப என்ரை தேசிக்காய்தான் அவனைக் கொல்லப்போகுதோ?" என்றார் கடைசியில்.

"அப்பிடிக் கதைக்காதையுங்கோ அண்ணை."

"பின்னேரம் அவன்ரை முகத்திலை எப்பிடியடா முழிக்கிறது?"

பூனையை அவரிடம் விட்டுவிட்டு நான் ஒபர்வில்லியேக்கு பஸ் ஏறினேன். மரியதாஸ் அண்ணைக்குப் போக இடங்கள் இரண்டே: தேவாலயம், கிடங்கு. தேவாலயத்தில் பூனைமண் இருக்காது. கிடங்கு சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு பூட்டிவிடும். பஸ் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் மரியாதை செய்துகொண்டு போனது. எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர் தோடம்பழம் உரித்தார். நான் எழுந்து பின்னுக்குப் போனேன்.

கிடங்கின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். மாலி நாட்டவர் ஒருவர் நிலம் கூட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்:

"மரியதாஸ் உயிரோடு இருக்கிறானா?"

"இருக்கிறார்."

"பூனை?"

"இன்னும் இருக்கு."

அந்த 'இன்னும்' அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்த அவரை நோக்கி நடந்தேன். அப்போது என் சப்பாத்துக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. நின்றேன். இன்னொரு அடி வைத்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் எங்கள் சமையலறையில் வெறுங்காலில் மிதித்து, "உந்தக் குறுணியைக் கூட்டுங்கோவன் மரியதாஸ்" என்று இரத்தினம் அண்ணை கத்துவதற்குச் சற்று முன்னால் கேட்கும் சத்தம்.

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறக் குறுணி. சாமான் தூக்கும் வண்டி எண்ணெய் ஒழுகிய இடத்தில் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். எண்ணெயைக் குடித்து நடுவில் கறுத்திருந்தது. ஓரத்தில் சுத்தமாய்க் கிடந்த ஒன்றை எடுத்து மணந்தேன். ஒரு மணமும் இல்லை. உலகத்தில் அவ்வளவு நல்ல மணத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் மணந்ததில்லை.

சுவரோரம் சாக்குகள் சாத்தியிருந்தன. மரியதாஸ் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் எடுத்துப்போவான், முதலாளிக்கும் தெரியும், என்றார் மாலிக்காரர். யோசித்துப் பாருங்கள். அந்தப் பூனை கண் திறந்தது இந்த நிலத்தில். முதன்முதல் தோண்டிப் புதைத்தது இந்தக் குறுணியில். நாங்கள் கடை கடையாய் வாசனை தேடியிருக்கிறோம். அவர் ஒரு அரிசிப் பையை விரித்து நிறைய வாரிக்கொட்டி, என் தோளில் ஏற்றிவிட்டார். கதவு என் முதுகுக்குப் பின்னால் இறங்கிப் பூட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால் பழைய பெட்டியை இரத்தினம் அண்ணை கொதிநீரில் அவித்துக்கொண்டிருந்தார். அவித்தும் தேசிக்காய் போகவில்லை. ஆவியோடு சேர்ந்து வீடு முழுவதும் பரவியிருந்தது. சன்னல்களைத் திறந்தோம். குளிர் உள்ளே வந்து உட்கார்ந்தது. அட்டைப்பெட்டிகளை மரமும் லவாண்டரும் பிடித்திருந்தன. வேறு எதில் கொட்டுவது?

இரத்தினம் அண்ணை கதிரையில் ஏறினார். மேல் அடுக்கிலிருந்து பெரிய அலுமினியத் தட்டத்தை இறக்கினார். பொங்கலுக்கும் சரஸ்வதி பூசைக்கும் மட்டும் இறங்கும் தட்டம். மோதகமும் வடையும் அடுக்குவது அதில்தான். நாங்கள் அதைத் தொட்டால் கை கழுவினீர்களா என்பார். அதை மூலையில், நிலத்தில் வைத்தார்.

"கொட்டு."

"அண்ணை, இது பூசைத்..."

"கொட்டடா எண்டுறன்."

கொட்டினேன். பிறகு அவர் மரியதாஸ் அண்ணையின் கட்டில் தலைமாட்டுக்குப் போனார். அங்கே அந்தோனியார் படம் ஒன்று இருந்தது. நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்று, ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினார். நான் பார்ப்பதைக் கண்டு, "என்ன பாக்கிறாய்? வேதக்காரன்ரை பூனை. அவையின்ரை ஆளைத்தானே கேக்கவேணும்" என்றார்.

குளிர்சாதனப் பெட்டி உறுமியது, அதை நிறுத்தினார். என் தொலைபேசியை அணைத்தேன். இருவரும் கூடத்தில், கதவு நிலையோடு சாய்ந்து, நிலத்தில் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரியில் பார்க்கவிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒன்று நடந்தால் மரியதாஸ் அண்ணையிடம் போகலாம். நடக்காவிட்டால் ஒருவர் பூனையோடு வைத்தியரிடம், மற்றவர் பொய்யோடு ஆஸ்பத்திரிக்கு.

பத்ரோன் வந்தது. மெல்ல, அடிவயிற்றைத் தூக்கிப் பிடித்ததுபோல. தட்டத்தின் விளிம்பை முகர்ந்தது. ஒரு காலை உள்ளே வைத்தது. உதறவில்லை. மற்றக் காலையும் வைத்தது. இரத்தினம் அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில். கரண்டிகள் அதிர்ந்தன, தட்டமும் அதிர்ந்தது, பூனை ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து மேசைக்கடியில் நின்றது. அண்ணை ரயிலைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ரயில் போனது. அமைதி. பிறகு மேசைக்கடியிலிருந்து அந்தச் சாம்பல் உடல் மறுபடி நகர்ந்தது. தட்டத்துக்குள் இறங்கியது. அலுமினியத்தில் நகம் படும் சத்தம், குறுணி விலகும் சத்தம். தோண்டியது, சுற்றியது, மறுபடி தோண்டியது. குந்தியது. கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டது.

குறுணியில் நீர் விழும் சத்தம் வந்தது. நின்றுவிடுமோ என்று பயந்தோம், நிற்கவில்லை. அடுத்த ரயிலும் வந்து போனது, கரண்டிகள் ஆடின, பூனை அசையவில்லை.

"இவ்வளவத்தையுமோ ராசா வைச்சிருந்தனி?" என்றார் இரத்தினம் அண்ணை. என் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் சிவப்பாய்ப் பதிந்திருந்தன.

ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் போனோம். மரியதாஸ் அண்ணை குழாய்களுக்கு நடுவில் கிடந்தார். தொண்டை அடைத்திருந்தது, உதடு மட்டும் அசைந்தது: பத்ரோன்? சாப்பிட்டானா என்றுதான் கேட்டிருப்பார் என்று பின்னால் யோசித்தேன். ஆனால் எனக்குள் இருந்தது வேறு. "மூத்திரம் போனவன் அண்ணை! நல்லாப் போனவன்!" என்று அந்த அமைதியான அறையில் கத்திவிட்டேன். தாதி திரும்பிப் பார்த்தார். இரத்தினம் அண்ணை என் காலை மிதித்து, "வீட்டிலை ஒரு பிரச்சினையும் இல்லை, நீ படு" என்றார்.

அவர் வீடு வந்த அன்று, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்செடுத்து ஏறினார். பத்ரோன் வாசலில் வந்து முகர்ந்தது. ஆஸ்பத்திரி மணம் பிடிக்கவில்லை; திரும்பிக் குசினிக்குள் போய்விட்டது. பின்னால் போனவர் மூலையைக் கண்டார்.

"இது உங்கடை மோதகத் தட்டமெல்லோ?"

"அதுக்கென்ன? அவர் இனி அதிலைதான் போவாராம்" என்றார் இரத்தினம் அண்ணை.

மரியதாஸ் அண்ணை நெஞ்சுத் தையலை ஒரு கையால் பொத்திக்கொண்டு, வலியோடு, சிரிக்கத் தொடங்கினார். "சிரிக்க வைக்காதையுங்கோ, பிரிஞ்சுபோடும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு எல்லாம் கலைந்தது. சண்டை ஒன்றுமில்லை, வீடுகள் கலைவதுபோலக் கலைந்தது. மனைவி வந்து சேர, மரியதாஸ் அண்ணை கூசேன்வில்லில் வீடு எடுத்துப் பூனையோடு போனார். இரத்தினம் அண்ணை மகளிடம் லண்டனுக்குப் போனார். அந்த வீட்டைச் சொந்தக்காரர் உள்ளே இடித்துத் திருத்தி, இரட்டைக் கண்ணாடிச் சன்னல் போட்டார்; உள்ளே ரயில் கேட்காது என்கிறார்கள். ஒபர்வில்லியே கிடங்கு இருந்த இடத்தில் இப்போது பல்கணி வைத்த மாடிவீடுகள் இருக்கின்றன. அதே தெருவில் வேறொரு கட்டடத்துக்கு மாறி, கலியாணம் கட்டி, லா சப்பலை விடாமல் நின்றது நான் ஒருவன்.

ஒரு மாரிகாலம் மரியதாஸ் அண்ணை தொலைபேசி எடுத்தார். "அவன் போயிட்டான்" என்றார். நித்திரையில் போய்விட்டதாம். பிறகு, "அந்த மண் அரைச் சாக்கு மிச்சம் கிடக்கு. மனுசி எறியச் சொல்லுது. உனக்கு வேணுமோ?" என்றார். அப்போது மகள் சிறியவள், எங்கள் வீட்டில் பூனை ஏது? ஓம் அண்ணை என்றேன். கூசேன்வில்லுக்கு ரயிலேறிப் போய்த் தோளில் சுமந்து வந்தேன். மனைவி என்ன இது என்று கேட்டார். மண் என்றேன்.

சில நாட்களில் பாரிசில் பனி கொட்டி இறுகியது. காலையில் எங்கள் கட்டட வாசல் படி கண்ணாடியாய்க் கிடந்தது. வேலைக்குப் புறப்பட்ட ஒருவர் வழுக்கி விழப்பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் மேலே போய்ச் சாக்கைக் கொண்டுவந்து படியிலும் நடைபாதையிலும் பரப்பினேன், அடிச்சாக்கு வரை. சனங்கள் மெத்ரோவுக்கு ஓடினார்கள். சப்பாத்துகளின் கீழே அது நொறுங்கியது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை, ஒருவரும் விழவுமில்லை. மத்தியானம் வெயில் வந்து பனி இளகியபோது, நான் நொறுங்கிய குறுணியைக் கூட்டி அள்ளிவிட்டு, வெறும் சாக்கை மடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். படி ஈரமாக, சுத்தமாக இருந்தது.